புகைக்குள் வந்த வழித்துணை

தோட்டத்துச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாலையோரத்து முனியாண்டி கோயிலைக் கடக்கும்போது காரோட்டி ஹாரனை ஒரு முறை மெல்ல அழுத்துவார். மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். லோரிக்காரர் வண்டியை நிறுத்தி, சூடம் கொளுத்திவிட்டுப் போவதும் உண்டு. புது வண்டி வாங்கினால் நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்காமல் நாம் வண்டியை எடுப்பதில்லை.

இதெல்லாம் வெறும் பழக்கமா, நம்பிக்கையா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால், நடுச்சாலையில் உயிர் தொண்டைக்குழியில் வந்து நிற்கும் நேரத்தில் மனிதன் எதைப் பிடித்துக்கொள்கிறான், பிடித்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பது அனுபவித்தால்தான் தெரியும். எனக்கு அது 2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தெரிந்தது. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அந்த மாதத்தை மறந்தவர்கள் குறைவு.

வானமே தெரியாத நாட்கள்

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே புகைமூட்டம் தொடங்கிவிட்டது. சுமத்ராவில் காடும் கரிமண்ணும் எரிந்த புகை, மலாக்கா நீரிணையைத் தாண்டி நம் கரைக்கு வந்தது. கோலசிலாங்கூர், காப்பார், கிள்ளான் துறைமுகம் எல்லாம் கடலோரப் பகுதிகள். காற்று நேராக இங்கேதான் அடித்தது. போதாததற்கு, நம் வட்டாரத்திலேயே ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிமண் நிலம் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிப் போன இலையும் கட்டையும் சேர்ந்து உண்டான மண் அது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து விறகாகிவிடும். ஒரு முறை தீப்பிடித்தால் மேலே அணைந்தது போல் தெரியும். அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மாவுக்கரி அடுப்பைப் போலத்தான்.

காலையில் எழுந்தால் எதிர் லயம் தெரியவில்லை. செம்பனை மரங்களின் தலை தெரியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன், பழைய செப்புக்காசு போல் மங்கித் தொங்கியது. காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

காற்றின் தூய்மையை அளக்க ஒரு குறியீடு இருக்கிறது. 50 வரை இருந்தால் நல்ல காற்று. 100-ஐத் தாண்டினால் உடம்புக்கு ஆகாது. 300-ஐத் தாண்டினால் ஆபத்து. பல ஆண்டுகளாக மக்களுக்கு வெளியிடப்படாமல் இருந்த இந்தக் கணக்கை, அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் அரசாங்கம் மறுபடியும் வெளியிட்டது. கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அது 500-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி வியாழக்கிழமை, இந்த இரண்டு இடங்களிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் மூடப்பட்டன.

அந்த அறிவிப்பு வருவதற்கு முந்திய இரவில்தான் என் தாயாருக்கு இழுப்பு வந்தது.

இரவு இரண்டு மணி

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பனியும் மருந்துத் தண்ணீரும் பட்டுப் பட்டு, வயதான காலத்தில் மூச்சிரைப்பு வந்துவிட்டது. வழக்கமாக ஆவி பிடித்தால், மருந்தை உறிஞ்சினால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட, ஒரு வார்த்தை பேச முடியாமல் என்னைப் பார்த்தார். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

எங்கள் லயத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் வைத்திருந்த அண்ணன் ஒருவர் இருந்தார். கதவைத் தட்டினேன். கைலியோடு அப்படியே சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவைத் தூக்கிப் பின் இருக்கையில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வேன் தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டி, பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலசிலாங்கூர் போகும் தார்ச்சாலையில் ஏறியது. இன்று அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர், 2007-இல் மாற்றினார்கள். நமக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

சாலை என்று சொன்னேனே தவிர, சாலை எங்கே தெரிந்தது? வேன் விளக்கைப் பெரிதாகப் போட்டால் எதிரில் வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது. புகை வெளிச்சத்தை வாங்கி நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கிறது. அண்ணன் விளக்கைத் தாழ்த்தினார். அப்போது பத்துப் பதினைந்து அடி தெரிந்தது. சாலையோரத்து வெள்ளைக்கோடு ஒன்றுதான் பிடிமானம். அதைப் பார்த்துப் பார்த்து, சைக்கிள் போகும் வேகத்தில் வேனை ஊர விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் விசில் போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே. அம்மா போயிடுவாங்க போல இருக்கு!” என்று கத்தினேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, வேகமாப் போனா மூணு பேருமே போயிடுவோம். நீ அம்மாவைப் பிடிச்சுக்கோ. ரோட்டை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கண்ணுக்கு முன்னால் ஓர் இரும்பு மலை

அவர் சொல்லி வாய் மூடவில்லை. எதிரே கறுப்பாக ஏதோ ஒன்று நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வேன் கிறீச்சிட்டுக்கொண்டு நின்றது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று, சாலையிலேயே பழுதாகி நின்றுகொண்டிருந்தது. பின்விளக்கு எரியவில்லை. லோரிக்குப் பின்னால் அடையாளத்துக்குப் போட்டிருந்த மரக்கிளை எங்கள் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. வேனின் மூக்குக்கும் லோரியின் பின்பலகைக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையத்தான் இடம் இருந்தது.

நான் சொன்னபடி வேகமாக வந்திருந்தால்?

அதை நினைத்து முடிப்பதற்குள் அடுத்த பயம் வந்தது. நாங்கள் லோரியைக் கண்டு நின்றுவிட்டோம். எங்களுக்குப் பின்னால் வருகிறவன் நிற்பானா? அந்தச் சாலையில் இரவெல்லாம் மணல் லோரியும் குலை லோரியும் போகும். விலகிப் போகலாம் என்றால் எதிரில் வண்டி வருகிறதா என்று தெரியவில்லை. முன்னாலும் போக முடியாது, நிற்கவும் முடியாது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. அப்போது அம்மா, வார்த்தை வராத அந்த மூச்சுக்கு நடுவே, என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு முறை அழுத்தினார். உதடு மட்டும் அசைந்தது. “முனியாண்டி, கூட வாடா” என்பதுதான் அது. சின்ன வயதில் இருட்டில் எங்களைக் கூட்டிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடக்கும்போது அவர் சொல்லிக்கொண்டே வரும் வார்த்தை. ‘காப்பாற்று’ என்று அவர் கேட்டதே இல்லை. ‘கூட வா’ என்றுதான் கேட்பார்.

அந்த அழுத்தம் பட்டதும் எனக்குப் புத்தி வந்தது. அம்மாவை வேனிலிருந்து இறக்கி, சாலையைவிட்டுத் தள்ளிப் புல்மேட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். அண்ணன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே பின்பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் புகைக்குள் ஒரு லோரியின் இரைச்சல் கேட்டது. அண்ணன் விளக்கை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டு கத்தும் சத்தம் கேட்டது. லோரி மூச்சுவிடுவது போல் சத்தம் போட்டு நின்றது. அதன் விளக்கு, எங்கள் வேனுக்கு முப்பது அடி தள்ளி மஞ்சளாகத் தெரிந்தது.

சப்பாத்து இல்லாத கால்கள்

பழுதான லோரியிலிருந்து ஓர் இளைஞர் இறங்கி வந்தார். மலாய்க்காரர். லோரி உதவியாளாக இருக்க வேண்டும். காலில் ஜப்பான் சிலிப்பர், தலையில் துண்டு. அம்மாவின் நிலையைப் பார்த்தார். “ஜாங்கான் தாக்குட், மாக்சிக்” என்றார். பயப்படாதீர்கள் அம்மா என்று அர்த்தம் நான் சொல்லத் தேவையில்லை. பிறகு அண்ணனிடம், தான் முன்னால் நடப்பதாகவும், வேன் தன் பின்னால் வரட்டும் என்றும் சொன்னார். லோரியைப் பார்த்துக்கொள்ள அதன் ஓட்டுநர் இருந்தார்.

அப்படியே நடந்தது. அந்த இளைஞர் ஒரு கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்கோட்டின் மேலேயே கால் வைத்து, வேனுக்கு முன்னால் நடந்தார். எதிர்ப்பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் விளக்கை ஆட்டி எச்சரித்தார். ஒரு வளைவில் நின்று, குனிந்து பார்த்து, பள்ளம் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். “பெலான்-பெலான்” என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். கால் மைல் தூரம் இருக்கும். சாலை விளக்கு எரியும் சந்திப்பு வந்ததும் வேன் சன்னலில் தலையை நீட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வந்த வழியே புகைக்குள் நடந்துவிட்டார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. சந்திப்பிலிருந்து சாலை விளக்கு வரிசையாக இருந்ததால் மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம்.

முகமூடி வழியாக ஆவியாக மருந்து கொடுத்தார்கள். விடியும்போது அம்மாவுக்கு மூச்சு சீரானது. கூடத்தில் எங்களைப் போல் எத்தனையோ பேர்: மலாய்க்காரப் பாட்டிமார், சீனக் கிழவர்கள், தோளில் பிள்ளையோடு நம் பெண்கள். புகைக்கு இனமும் தெரியாது, மதமும் தெரியாது. அன்று பகலில்தான் அவசரகாலம் என்ற செய்தி வந்தது.

மறுநாள் ஆடி மாதக் கடைசி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்ற வேண்டிய நாள். அம்மா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே கிழக்குப் பக்கம் கும்பிட்டார். ஆகஸ்ட் 13-ஆம் தேதி, காற்று திரும்பிப் புகை குறைந்ததும், அவசரகாலம் நீக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. “சாமி புகையை விலக்கலடா ஐயா. ஆளை அனுப்பிச்சிச்சு.”

விரிஞ்சிபுரத்து வழித்துணைநாதர்

அம்மாவின் தகப்பனார் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நம் தோட்டங்களில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஊர்க்காரர்கள்தான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். வேலூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இருக்கும் சிவபெருமானுக்கு மார்க்கபந்து என்று பெயர். தமிழில் சொன்னால் வழித்துணைநாதர். அம்பாள் பெயர் மரகதாம்பிகை.

அந்தக் கோயிலுக்கு ஒரு கதை சொல்வார்கள். மிளகு வணிகர் ஒருவர் மூட்டைகளோடு காஞ்சிபுரம் போகிறார். வழியெல்லாம் காடு, கள்ளர் பயம். விரிஞ்சிபுரத்தில் தங்கிய வணிகர், “சுவாமி, நீயே எனக்குத் துணையாக வர வேண்டும்” என்று வேண்டிக்கொண்டு புறப்படுகிறார். வழியில் ஆயுதம் ஏந்திய வீரன் ஒருவன் வந்து சேர்ந்துகொள்கிறான். கள்ளர்கள் வந்தபோது அவன்தான் விரட்டுகிறான். ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, யாரென்று சொல்லாமலே மறைகிறான். வந்தவன் யார் என்று வணிகருக்குப் பிறகுதான் புரிகிறது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரும் அறிஞர் அப்பைய தீட்சிதர், இந்த வழித்துணைநாதர் மேல் வடமொழியில் ஒரு துதி பாடியிருக்கிறார். பயணம் புறப்படுகிறவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை என் தாயார் சிறு பிள்ளையாகக் கேட்டு, எங்களுக்கும் சொல்லியிருக்கிறார். அந்த ஆகஸ்ட் இரவுக்குப் பிறகுதான் எனக்கு அதில் ஒரு விஷயம் உறைத்தது. வணிகர், காடே இல்லாமல் போகட்டும் என்று வேண்டவில்லை. கள்ளர்களே பிறக்காமல் இருக்கட்டும் என்றும் கேட்கவில்லை. காடும் இருந்தது, கள்ளரும் வந்தார்கள். அவர் கேட்டது துணை, கிடைத்ததும் துணைதான். தனி வழியில் போகிறவனுக்கு முருகனுடைய வேலும் மயிலும் கூட வரும் என்று அருணகிரிநாதர் பாடியதும் இந்தக் கருத்தைத்தான்.

நம் கிறிஸ்தவச் சகோதரர்கள் இருண்ட பள்ளத்தாக்கிலும் மேய்ப்பர் கூடவே வருகிறார் என்ற சங்கீதத்தைச் சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் வண்டி ஏறி உட்கார்ந்ததும் பயணத்துக்குரிய துஆ ஓதிவிட்டுத்தான் புறப்படுகிறார்கள். வழிகள் வேறு. கேட்பது மட்டும் ஒன்று: கூட வா.

பயம் இந்தச் சாலைக்குப் புதிதல்ல

நம் பாட்டன் பாட்டிகள் இந்த மண்ணுக்கு வந்ததே ஒரு பயமான பயணம்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கண்காணாத கடலில் வந்து, காட்டுக்குள் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் அவர்கள். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று பெயர் பெற்ற தென்னமரம் தோட்டம் நம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் அப்போது காடு. அதனால்தான் தோட்டத்தின் நடுவில் மாரியம்மனை வைத்தவர்கள், காடு தொடங்கும் எல்லையிலும் சாலை முனையிலும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் காவலுக்கு வைத்தார்கள். ஊரில் எல்லையைக் காத்த தெய்வம் இங்கேயும் எல்லையைக் காத்தது.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். முள்வேலி, ஊரடங்கு, சோதனை. எந்த வளைவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்று தெரியாமல் வேலைக்குப் போன காலம் அது. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில், அன்றைய பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். காவல் வண்டி கூட வந்தும் நடந்தது அது. காருக்குள் குனிந்து படுத்துக்கொண்ட அவருடைய மனைவியும் செயலாளரும் தப்பினார்கள். நாட்டை ஆண்டவருக்கே சாலையில் பாதுகாப்பு இல்லாத நாட்களில், பால்வாளியோடு இருட்டில் நடந்த நம் தாய்மார்கள் எதை நம்பி நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்டும் கிடைக்காதவர்கள்

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் எழுதியது பாதி உண்மையாகிவிடும்.

நம் தோட்டங்களில் எந்த லயத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டில், மாலை போட்ட ஓர் இளைஞனின் படம் சுவரில் இருக்கும். தொழிற்சாலை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவன். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவன். அவன் தாயும் விளக்கேற்றியவள்தான். அவளும் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டவள்தான். அவளைப் பார்த்து, “உன் நம்பிக்கை குறைவு” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்படிச் சொல்வது பக்தியல்ல, கொடுமை.

ஆகவே, கும்பிட்டால் விபத்தே வராது என்று நான் எழுதமாட்டேன். எங்களுக்கு அன்று ஓர் ஆள் வந்தார். வராமலும் போயிருக்கலாம். அம்மாவிடமே ஒரு நாள் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “வந்தாலும் வராட்டியும், கூப்பிடற வாய் நம்ம வாய்தானேடா. பயத்துல கத்திக்கிட்டே சாகறதைவிட, கூப்பிட்டுக்கிட்டே போகலாமில்ல” என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அவர் சில ஆண்டுகளுக்குப் பிறகு அமைதியாகக் கண்மூடினார். சாலையில் அல்ல, தம் படுக்கையில்.

சாமி படமும் தலைக்கவசமும்

கடவுளை நம்புவது ஒன்று. கடவுளைச் சோதிப்பது வேறு. மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் முருகன் படம் ஒட்டியிருக்கும். தலைக்கவசம் முன்கூடையில் கிடக்கும். காரில் பிள்ளையார் சிலை இருக்கும். பின்னால் பிள்ளைகள் வார்ப்பட்டை இல்லாமல் நின்றுகொண்டு வரும். இது நம்பிக்கை அல்ல.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத் தலைக்கவசம் 1973-ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. காரின் முன்னிருக்கையில் வார்ப்பட்டை 1979-இல் கட்டாயமானது. பின்னிருக்கைக்கு 2009-இல் வந்தது. மோட்டார் சைக்கிள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. இத்தனைக்கும் பிறகு, 2019-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நம் தோட்டத்து, பட்டணத்து ஏழைகளின் வண்டி மோட்டார் சைக்கிள்தானே!

அன்று எங்களைக் காப்பாற்றியவற்றை எண்ணிப் பார்க்கிறேன். அம்மாவின் அழைப்பு உண்டு, மறுக்கமாட்டேன். அதோடு, என் கூச்சலுக்கு மயங்காத அண்ணனின் நிதானம் உண்டு. அவர் வேனில் பேட்டரி போட்டுத் தயாராக வைத்திருந்த கைவிளக்கு உண்டு. பெயர் தெரியாத ஒரு மனிதரின் இரக்கம் உண்டு. இவற்றில் எது சாமி செய்தது, எது மனிதர் செய்தது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, குடும்பத் தலைவர்களுக்கும் தாய்மார்களுக்கும் சில வார்த்தைகள். புகையிலோ கனமழையிலோ வண்டி ஓட்டும்போது விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். பெரிய வெளிச்சம் கண்ணை மறைக்கும். முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். வழியே தெரியாவிட்டால் தார்ச்சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்துங்கள். வண்டி பழுதானால், முதலில் ஆட்களை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள், பொருள் பிறகு. கைவிளக்கும், சிவப்பு முக்கோண அடையாளமும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், புகைமூட்டக் காலத்தில் மருந்து தீரும் முன்பே வாங்கி வையுங்கள். நடுச்சாமம் வரை பொறுத்துப் பார்க்காமல் பகலிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். நான் அன்று மாலையே அம்மாவைக் கொண்டுபோயிருந்தால் இந்தக் கதையே இல்லை. காய்ந்த நாளில் குப்பைக்கும் சருகுக்கும் தீ வைக்காதீர்கள். ராஜா மூசா காட்டில் 2008 முதல் வாய்க்கால்களை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, மரம் நட்டு வருகிறார்கள். கரிமண் ஈரமாக இருந்தால்தான் தீப்பிடிக்காது. அந்த வேலைக்கு உங்கள் பிள்ளைகளும் கை கொடுக்கட்டும்.

இப்போதும் அந்தச் சாலை வழியாகப் போகிறேன். தோட்டங்கள் பல துண்டாகிவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழும்பிவிட்டன. லோரிகள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. சாலையோரம் ஒரு லோரி பழுதாகி நின்றால், நான் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, இறங்கிப் போய், “உதவி வேண்டுமா?” என்று கேட்காமல் தாண்டுவதில்லை. அந்த மலாய் இளைஞரை மறுபடியும் பார்க்கவே இல்லை. பார்த்தாலும் அடையாளம் தெரியாது. அந்தப் புகையில் அவர் முகத்தையே நான் சரியாகப் பார்க்கவில்லை. அவருக்குப் பட்ட கடனை வேறு எப்படி அடைப்பது?

அடுத்த முறை சாலையோரக் கோயிலைக் கடக்கும்போது நீங்களும் ஒரு முறை ஹாரனை மெல்ல அழுத்துங்கள். கூடவே துணை வேண்டும் என்று கேளுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, யாருக்காவது உங்கள் துணை தேவைப்படுகிறதா என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள்.